ரஞ்சிதமும் பல்லுப்போன புரதமும்

என் மனைவி ரஞ்சிதத்துக்கு மனிதர்களைப் பிடிக்கும். மனிதர்களின் கைகளைத்தான் பிடிக்காது. எம்ஆர்டி ரயில் கூட்டத்தில் அவள் தடுமாறி விழுந்துவிடக் கூடாதே என்று கையைப் பிடித்தால், "இதே விரல் லேப்ல என் டியூப் மேல பட்டிருந்தா ஒரு வார வேலை போச்சு, தெரியுமா?" என்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய காதல் வசனம் அநேகமாக இது ஒன்றுதான். நானும் கையை விட்டதில்லை.

என் பெயர் மருதப்பன். சிங்கப்பூரில் தோ பாயோவில் வீடு, பேருந்து ஓட்டுவது வேலை. ரஞ்சிதத்துக்குப் புவன விஸ்தா பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அங்கே கண்ணாடிக் குடுவை கழுவத்தான் போனாள். கழுவும்போது காதைத் திறந்து வைத்திருந்தாள். பிறகு பகுதிநேரமாகப் படித்து டிப்ளோமா வாங்கினாள். இப்போது அவள்தான் அங்கே புரதம் தயாரிக்கிறாள். வெளியே ஊரே வேர்த்து வடியும்போது, என் மனைவி மட்டும் நாலு டிகிரி குளிரறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் நீரைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சொட்டில் புரதம் இருக்கிறதாம். போட்டோவில் நான் பார்த்தவரை தண்ணீர்தான்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் மேலே பெயர்ப் பட்டியல் வரும். கடைசியில் பொடி எழுத்தில், இன்னாருடைய உதவிக்கு நன்றி என்று ஒரு வரி வரும். அந்தக் கடைசி வரியில் ரஞ்சிதம் பதினோரு தடவை வந்திருக்கிறாள். மேலே ஒரு தடவைகூட வந்ததில்லை. அவள் அதைக் குறையாகச் சொன்னதே கிடையாது. நான் சொன்னால், "கல்யாணப் பத்திரிகையில சமையல்காரர் பேரையா போடுறாங்க?" என்று என் வாயை அடைத்துவிடுவாள். ஆனால் அந்தப் பதினோரு கட்டுரைகளையும் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அலமாரியில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஆசை இல்லாதவள் செய்கிற காரியமா இது?

போன வருடம் டாக்டர் மோகனப்பிரியா ஒரு புது வேலையோடு வந்தார். அவர்தான் ரஞ்சிதம் இருக்கும் குழுவின் தலைவி. எங்களைவிடப் பத்து வயது சின்னவர், ரஞ்சிதத்தை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, மனுசனோட எக்ஸ்ஆர்என்-ஒன்னு வேணும். உடையாம முழுசா வேணும்," என்றாராம்.

அன்று சாப்பிடும்போது அது என்னவென்று கேட்டேன்.

"காலையில டிப்போவுல உங்களுக்கு டியூட்டி சீட்டு குடுக்கிறாங்கல்ல? எந்த வண்டி, எந்த ரூட்டுன்னு?"

"ஆமா."

"செல்லுக்குள்ள ஆர்என்ஏ அந்த மாதிரிதான். இன்னிக்கு இந்த வேலையைச் செய்யுன்னு சொல்ற சீட்டு. வேலை முடிஞ்சதும் அதைக் கிழிச்சுடணும். கிழிக்கலேன்னா என்ன ஆவும்?"

"நேத்து சீட்டை வெச்சுக்கிட்டு இன்னிக்கும் எவனாச்சும் பிடோக் போயிருவான் லா."

"அப்படி ஆகாம, சீட்டை ஒரு முனையில புடிச்சு மறுமுனை வரைக்கும் கிழிச்சுப் போடுறவன்தான் இந்த எக்ஸ்ஆர்என்-ஒன்னு. உங்க உடம்புலயும் இருக்கான், என் உடம்புலயும் இருக்கான்."

எனக்கு அப்போதே அவனைப் பிடித்துப்போனது. டிப்போவில் அப்படிப்பட்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

டெங்கிக் கிருமி நம் உடம்புக்குள் வரும்போது தன்னுடைய சீட்டையும் கொண்டு வருகிறது. நம் ஆள் அதையும் கிழிக்கப் போவான். கடைசிப் பக்கத்தில் கிருமி ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். அங்கே வந்ததும் நம் ஆளுக்கு ஓடாது, நின்றுவிடுவான். கிழிபடாத அந்த மிச்சத் துண்டு உள்ளேயே கிடந்து கிருமிக்கு ஒத்தாசை செய்யும். முடிச்சில் அவன் எப்படிச் சிக்குகிறான் என்று பார்ப்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, இங்கே டெங்கி அதிகம் என்று எச்சரிக்கும் சிவப்பு நிறப் பதாகை தொங்கிய மாதம் அது. அதனால் நானும் கொஞ்சம் கவனமாகவே கேட்டுக்கொண்டேன்.

இந்த ஆராய்ச்சிக்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவன் அசல். இன்னொருவன் பார்க்க அசல் மாதிரியே இருப்பான், ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றி அவன் பல்லைப் பிடுங்கியிருப்பார்கள். அசல் கிழிக்க வேண்டும், பல்லில்லாதவன் சும்மா இருக்க வேண்டும். அப்போதுதான் கிழித்தவன் அசல்தான் என்று மற்றவர்கள் நம்புவார்கள். ரஞ்சிதம் ஒருவனுக்கு மூத்தவன் என்றும் இன்னொருவனுக்குப் பல்லுப்போனவன் என்றும் பெயர் வைத்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஆறு மாதம் இவர்கள் இருவரைப் பற்றித்தான் பேச்சு.

மூத்தவன் லேசில் வரவில்லை. உருவம் பெரிது, வரும் வழியிலேயே துண்டு துண்டாக உடைவான். ஒரு தடவை தயாரிக்க இரண்டு வாரம். ஏழாவது தடவை முழுசாக வந்தான். டெங்கியின் சீட்டை முடிச்சு வரைக்கும் கிழித்துவிட்டு, சொல்லிவைத்த மாதிரி முடிச்சில் போய் நின்றான். டாக்டர் குளிரறைக்கே வந்து, "அக்கா, இந்தத் தடவை உங்க பேரு கடைசியில இல்ல. மேல, எங்ககூட," என்றார். ரஞ்சிதம் சரி என்று மட்டும் சொன்னாளாம். அன்று ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள். நான் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தேன்.

பல்லுப்போனவனைத் தயாரிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவன் வந்து சேர்ந்த நேரம்தான் சரியில்லை. மூன்றாவது மாடியில் கூரை ஒழுகியதால், அங்கே இருந்த இன்னொரு குழுவை ரஞ்சிதத்தின் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் இம்ரான் என்று ஓர் இளம் ஆராய்ச்சியாளர். மார்சிலிங்கில் வீடு, அமைதியான ஆள். ஆர்என்ஏ வேலைக்கென்று அந்த மாடியில் ஒரே ஒரு மேசை. மனிதத் தோலில் ஆர்என்ஏவைக் கண்டபடி வெட்டிப்போடும் சமாச்சாரம் இருப்பதால், அந்த மேசையில் கையுறை இல்லாமல் யாரும் விரல் வைக்கக் கூடாது. இத்தனை வருடம் ரஞ்சிதம் அரசாண்ட மேசை அது. இப்போது முதலில் வருபவருக்கு முதல் இடம் என்றாகிவிட்டது.

ரஞ்சிதம் விடுவாளா? காலை ஏழரைக்கே போய், மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுத்தான் ஐஸ் எடுக்கப் போவாள். சாப்பாட்டுக் கடையில் இடம் பிடிக்க நாம் எல்லோரும் செய்வதுதான். மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் சிங்கப்பூரில் மந்திரியே வந்தாலும் உட்கார மாட்டார். இதற்கு இங்கே சோப் பண்ணுவது என்று பெயர், சவுக்காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "ஒரு பாக்கெட் வெச்சேன், மத்தியானம் வரைக்கும் ஒருத்தர் கிட்ட வரல," என்று அவள் பெருமையாகச் சொன்னபோது நானும் கைதட்டினேன். எம்ஆர்டி வாசலில் டிஷ்யூ விற்கும் அம்மாவிடம் அவளுக்காக ஒரு பை நிறைய வாங்கியும் கொடுத்தேன்.

பல்லுப்போனவனைச் சோதித்துப் பார்த்த நாள் வந்தது. அன்று அவள் வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"பல்லுப்போனவன் முறுக்கு கடிக்கிறான்ங்க."

"என்ன?"

"கிழிக்கிறான். முடிச்சையும் சேர்த்துத் தூள் தூளாக்குறான். கிழிக்கவே கூடாதவன்."

மறுநாள் மூத்தவனையும் மறுபடி சோதித்தாள். அவனும் முடிச்சில் நிற்காமல் எல்லாவற்றையும் பொடியாக்கினான். தண்ணீரைச் சோதித்தார்கள், சுத்தம். ஆர்என்ஏவைச் சோதித்தார்கள், சுத்தம். புரதம் சேர்த்த டியூபில் மட்டும்தான் எல்லாம் நாசம். அப்படியென்றால் அழுக்கு புரதத்தில்தான், அதாவது ரஞ்சிதம் கைபட்ட இடத்தில். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. அவள் கையுறையை மாற்றினாள், சொட்டு எடுக்கும் பிளாஸ்டிக் முனைகள் இருந்த டிப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டாள், மேசையை ஸ்பிரிட்டால் மூன்று தடவை துடைத்தாள். ஒவ்வொரு சோதனைக்கும், உறைபெட்டியில் சேர்த்துவைத்த புரதத்தில் இரண்டு டியூப் போனது. கடைசியில் ஆறுதான் மிச்சம். இந்தக் கேடு மேசையைப் பங்குபோட்ட பிறகுதான் வந்தது என்பதை அவள் கவனித்தாள். அது சரியான கவனிப்புதான். அதிலிருந்து அவள் போய்ச் சேர்ந்த முடிவுதான் தப்பு. ஒரு வியாழக்கிழமை, எல்லோரும் இருக்கும்போது, இம்ரானைப் பார்த்து, "தம்பி, உங்க பக்கம் யாருக்கும் கை சுத்தமில்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு கோளாறும் கிடையாது," என்று சொல்லிவிட்டாள்.

இம்ரான் தன்னுடைய பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டாராம். அதைச் சொல்லும்போதே ரஞ்சிதத்தின் குரல் இறங்கிவிட்டது. "அவர் திருப்பி ரெண்டு வார்த்தை பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலேன்னா, வெளிய ஒரு கம்பெனியில புரதத்தைச் செஞ்சு வாங்கிக்கலாம்கா. வேற வழி தெரியல," என்றார். வெளியில் வாங்கினால் பட்டியலில் ரஞ்சிதத்துக்கு என்ன வேலை? பன்னிரண்டாவது தடவையும் கடைசி வரிதான். அதுவும் எப்படிப்பட்ட நன்றி என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சமைக்க விடாமல் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனசு சரியில்லாதவளுக்கு மீன் பிரியாணியைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்கே ஜேஜே என்று கூட்டம். தூணுக்குப் பக்கத்தில் ஒரு மேசை காலியானது. "நீங்க வரிசையில நில்லுங்க, நான் இடம் புடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். கைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தாள். மேசைமேல் வைத்தாள். வைத்த கை வைத்தபடியே நின்றது. பின்னால் ஒருவர் "எக்ஸ்கியூஸ் மீ" என்கிறார், அவள் நகரவில்லை. நான் வரிசையை விட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் நாலே பேர் இருந்த வரிசை அது.

"என்ன ஆச்சு ரஞ்சிதம்? தலை சுத்துதா?"

அவள் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை எங்கெங்க வெச்சிருப்பேன் சொல்லுங்க."

"எங்க? பையில."

"பையில. எம்ஆர்டியில வேர்வையைத் துடைச்சுட்டுக் கையில. இந்த மேசையில. வெறும் கையால எடுத்து, வெறும் கையால வெச்சு..." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தினமும் காலையில இதைத்தாங்க ஆர்என்ஏ மேசையில வெக்கிறேன். ஐஸ் எடுத்துட்டு வந்து, கையுறையைப் போட்டு, அதே கையுறையால இதைத் தள்ளி வெச்சுட்டு, நேரா புரத டியூப் மூடியைத் திறக்கிறேன். அப்புறம் ஆர்என்ஏவைத் தொடறதுக்குப் புதுக் கையுறை மாத்துறேன். அதான் ஆர்என்ஏ சுத்தம், தண்ணி சுத்தம். என் கைதான். என் கையே தான்."

"மேசையை மூணு தடவை துடைச்சேன்னியே?"

"இதைத் தூக்கிட்டுத் துடைப்பேன். துடைச்சுட்டுத் திரும்ப அங்கேயே வெப்பேன். இது ஒரு பொருளாவே என் கண்ணுல படலங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஊர் உலகத்துக் கையையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் கையைக் கொண்டுபோய்த் தானே மேசைமேல் வைத்திருக்கிறாள். பாக்கெட் வாங்கிக் கொடுத்தவன் வேறு நான். முதலில் முறைத்தாள். பிறகு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு வாரச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அந்த மேசையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்துவிட்டது.

பிறகு வேறு மேசை கிடைத்துச் சாப்பிடும்போது, பாதிப் பிரியாணியில் அவள் சிரிப்பு நின்றது. "இம்ரான்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றாள்.

"நடந்ததைச் சொல்லு."

"டாக்டர்கிட்டயும் சொல்லணும். அப்புறம் பேரைப் பத்திப் பேசுறதுக்கு எனக்கு மூஞ்சி ஏது?"

சொல்லாமலும் இருந்திருக்கலாம். பாக்கெட்டை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, எப்படியோ சரியாகிவிட்டது என்று நின்றிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நான் இதை வாய்விட்டே கேட்டேன். அவள் என்னை முறைத்துக்கொண்டே என் தட்டிலிருந்த மீனில் பாதியை எடுத்துக்கொண்டாள். எனக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மேசையைக் கழுவித் துடைத்தாள். பாக்கெட்டைச் சுத்தமான நீரில் தேய்த்து, அந்த நீரில் ஒரு சொட்டை டெங்கியின் ஆர்என்ஏவோடு ஒரு டியூபில் சேர்த்தாள். புதுக் கையுறை போட்டு, மீதியிருந்த ஆறில் இரண்டைத் திறந்து மூத்தவனையும் பல்லுப்போனவனையும் தனித்தனியாகச் சேர்த்தாள். மத்தியானம் தோ பாயோ பேருந்து நிலையத்தில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகள். கீழே எழுதியிருந்தாள்: "பாக்கெட் தண்ணி எல்லாத்தையும் தின்னுருச்சு. மூத்தவன் முடிச்சுல நிக்கிறான். பல்லுப்போனவன் தேமேன்னு உக்காந்திருக்கான்." நான் பக்கத்தில் இருந்த டிரைவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த ரூட் என்று கேட்டார்.

அந்தப் படத்தோடு அவள் முதலில் போனது இம்ரானிடம். எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனாள்.

"தம்பி, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைச் சொல்லிட்டேன். அதனால எல்லார் முன்னாடியும் இதைச் சொல்றேன். தப்பு உங்க கையில இல்ல, என் கையில. இந்த டிஷ்யூ பாக்கெட்தான்," என்று ஆதியோடந்தமாகச் சொல்லி, "மன்னிச்சுக்குங்க தம்பி," என்றாள்.

இம்ரான் படத்தைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பாக்கெட்டை எடுத்து மேசையில் படாமல் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, நீங்க காலையில வெக்கிறதைப் பாத்துட்டுத்தான், மத்தியானத்துக்கு நான் வெக்க ஆரம்பிச்சேன். என் வேலையும் ஒரு மாசமா ஓடல. உங்க மேலதான் சந்தேகம். பெரியவங்களாச்சே, எப்படிக் கேக்கிறதுன்னு இருந்துட்டேன்."

அந்த மாடியே சிரித்ததாம். டாக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். ரஞ்சிதம் அவரிடமும் முழுசாகச் சொன்னாள். "பத்து டியூபுக்கு மேல வீணாக்கிட்டேன் டாக்டர். பட்டியல்ல என் பேரு வேணாம்," என்று முடித்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரை எடுக்கணும்னா காரணம் எழுதணும்கா. டிஷ்யூ பாக்கெட்டுன்னு எழுதட்டுமா?" என்றார். பிறகு, "புரதத்தைச் செஞ்சது நீங்க. கோளாறைக் கண்டுபுடிச்சதும் நீங்க. இன்னும் நாலு டியூப் இருக்கு, போய் வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலை அந்த மேசைமேல் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது, டிஷ்யூ பாக்கெட்டின் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு.

இத்தனைக்குப் பிறகும் ரஞ்சிதம் நம்பவில்லை. "அச்சுல பாக்குற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றாள். நான் டிப்போவில் மட்டும்தான் சொன்னேன். கட்டுரை பல கைகள் மாறி, திருத்தம் கேட்டு, திரும்பப் போய், ஐந்து மாதம் கழித்து வெளிவந்தது. சனிக்கிழமை இரவு டாக்டர் குறுஞ்செய்தி அனுப்பினார்: நாளைக்குத் தேக்காவில் சாப்பாடு, எல்லோரும் வந்துவிடுங்கள். வேறு விவரம் இல்லை. கைப்பேசியில் கட்டுரையைத் தேடிப் பார்க்கலாம் என்றால் அவள் விடவில்லை.

மறுநாள் நாங்கள் போனபோது வழக்கம்போல நிற்கக்கூட இடமில்லை. டாக்டர் இன்னும் வரவில்லை. பிரியாணி வரிசையில் நின்ற இம்ரான் கையை ஆட்டித் தூண் பக்கம் காட்டினார். அங்கே ஒரு பெரிய மேசை காலியாக இருந்தது. அதன்மேல் டிஷ்யூ பாக்கெட் இல்லை. மிளகாய் சாஸ் பாட்டிலுக்கு அடியில் அச்சடித்த தாள் ஒன்று, ஃபேன் காற்றில் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது.

ரஞ்சிதம் பாட்டிலை நகர்த்தினாள். கட்டுரையின் முதல் பக்கம். மேலே எக்ஸ்ஆர்என்-1 என்று தலைப்பு, அதற்குக் கீழே ஆறு பெயர்கள். மூன்றாவது பெயர் ரஞ்சிதம் சின்னையா. அவள் அப்பாவின் பெயரையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. அவள் கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு வெறும் விரலால் அந்தப் பெயரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

அப்போது இரண்டு கையிலும் தட்டோடு ஒரு பெரியவர் வந்தார். மேசையைப் பார்த்தார், டிஷ்யூ பாக்கெட்டைக் காணோம்.

"இங்க ஆளு இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்குங்க," என்றாள் ரஞ்சிதம். தாளை அவர் பக்கம் திருப்பி, விரலை எடுக்காமல் காட்டினாள். "இதோ, பேரு போட்டிருக்கு பாருங்க."

அவர் குனிந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தார். "ரஞ்சிதம் சின்னையா. யாரும்மா இது?"

"நான்தான்," என்றாள்.